தாதியர் மேற்படிப்பும் எமது தீவகமும்

(வாலிபர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இவ்வாண்டு விழாவிலே கல்வியைப் பற்றி ஏதேனும் பேசவேண்டுமெனச் சங்கத்தார் எம்மைப் பணித்தனர். கல்வி என்றவுடன் எம்மவர் நாவில் முதலில் எழுவன இரண்டு சொற்கள்: ஒன்று டொக்டர், மற்றது எஞ்சினியர். அவ்விரண்டையும் பற்றிப் பேசுவதற்கு ஊரில் ஆட்குறைவு என்றும் இருந்ததில்லை. ஆதலால் நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் வேறு. தாதியியலில் முதுமாணிப் பட்டம் பெறுதல், அதிலும் பாடநெறி வழியாகப் பெறுதல் என்பதே அது. "நேர்சுக்கு எதற்கு முதுமாணிப் பட்டம்?" என்று உங்களிற் சிலர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்திருக்கும். நியாயமான கேள்வி. அதற்கு யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒருவிதமாகவும் தீவகத்தில் வேறுவிதமாகவும் விடை கூறவேண்டியிருக்கிறது. நாம் தீவகத்து விடையைக் கூற முயல்வோம்.

எம் தீவுகளில் நோய் வருவது ஓரிடம், பெரிய வைத்தியம் இருப்பது வேறோரிடம். ஊர்காவற்றுறையில் ஆதார வைத்தியசாலை உண்டு. வேலணையையும் மண்டைதீவையும் பண்ணைத் தாம்போதி பட்டணத்தோடு இணைக்கிறது. புங்குடுதீவுக்கும் தாம்போதி உண்டு. ஆனால் புங்குடுதீவின் மேற்கு முனையாகிய குறிகட்டுவானில் தெரு முடிந்துவிடுகிறது. அப்பால் நயினாதீவுக்குக் கால்மணி நேரக் கடல். நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாத கடல். அனலைதீவாரும் எழுவைதீவாரும் ஊர்காவற்றுறைத் துறையை நோக்கிப் படகேற வேண்டும். நெடுந்தீவிலே பிரதேச வைத்தியசாலை இருக்கிறது. வைத்தியரும் தாதியரும் கடமை செய்கின்றனர். ஆயினும் சத்திரசிகிச்சை வேண்டிய நோயாளியையும், அதிதீவிர சிகிச்சை வேண்டிய நோயாளியையும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கே அனுப்பியாக வேண்டும். முதலிற் படகு, பின்னர்க் குறிகட்டுவானிலிருந்து அம்புலன்ஸ் வண்டி. அவசரத்தில் கடற்படையினரின் படகு ஏற்றிச்செல்வதும் உண்டு. எந்தப் படகாயினும் சோளகம் எழும்பிவிட்டால் கடல் யாருடைய அவசரத்தையும் பார்ப்பதில்லை. நெடுந்தீவில் ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடொன்று இன்றும் நிற்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அக்காலத்தில் செய்தி போவதற்குப் புறா இருந்தது என்பார்கள். இப்பொழுது செய்தி கணப்பொழுதில் கைத்தொலைபேசியில் போய்விடும். நோயாளி மட்டும் இன்னும் அலையின்மேல்தான் போகவேண்டியிருக்கிறது.

இந்த இடத்திலேதான் தாதியின் அறிவு உயிரோடு சம்பந்தப்படுகிறது. வைத்தியர் பார்த்துவிட்டுப் போவார். இரவு முழுவதும் கட்டிலருகே நிற்பவள் தாதி. மாலையிலே நன்றாகப் பேசிக்கொண்டிருந்த முதியவர் நள்ளிரவில் சற்று வேகமாக மூச்செடுக்கிறார். நாடி சற்று விரைவு. காய்ச்சல் அதிகமில்லை. "காலையில் டொக்டரிடம் சொல்வோம்" என்று விடுவதா, இப்பொழுதே அவரை எழுப்புவதா, படகுக்குச் சொல்லுவதா? பட்டணத்து வைத்தியசாலையில் இக்கேள்விக்கு ஒரு மணி நேரம் பிந்தி விடை கண்டாலும் நிபுணர் மாடிப்படி இறங்கி வந்துவிடுவார். நெடுந்தீவில் அந்த ஒரு மணியோடு கடலின் ஒரு மணியும் தெருவின் ஒரு மணியும் சேர்ந்துவிடும்.

இங்கிலாந்திலே அரச வைத்தியர் கல்லூரியார் 2012 இல் ஒரு கணிப்பு முறையை வெளியிட்டு, 2017 இல் அதனைத் திருத்தி அமைத்தனர். மூச்சின் எண்ணிக்கை, இரத்தத்தில் ஒட்சிசன் அளவு, இரத்த அமுக்கம், நாடி, உணர்வுநிலை, உடல் வெப்பம் என்னும் ஆறையும் அளந்து, ஒவ்வொன்றுக்கும் புள்ளியிட்டுக் கூட்ட வேண்டும். ஒட்சிசன் கொடுத்துக்கொண்டிருந்தால் அதற்கும் புள்ளி உண்டு. கூட்டுத்தொகை 5 ஆனால் உடன் கவனிக்க வேண்டும். 7 ஆனால் பேராபத்து. இதைக் கற்பதற்கு முதுமாணிப் பட்டம் வேண்டியதில்லை. எந்தத் தாதியும் ஒரு நாளில் கற்றுக்கொள்வாள். ஆனால் அந்த 7 என்னும் எல்லை, நிபுணரும் சத்திரசிகிச்சைக் கூடமும் அண்மையில் இருக்கும் வைத்தியசாலைகளை எண்ணி வகுத்த எல்லை. கடல் கடந்து அனுப்பவேண்டிய தீவில் எந்தப் புள்ளியில் படகைக் கூப்பிட வேண்டும்? 5 இலா, 4 இலா? மிகவும் முந்திக் கூப்பிட்டால் தேவையற்ற பயணமும் வீண்செலவும் உண்டாகும். பிந்தினால் உயிர் போகும். இவ்வெல்லையை யாரோ ஒருவர் எமது நோயாளரையும் எமது கடலையும் பார்த்து, கணக்கு வைத்து, வைத்திய நிபுணரோடு கலந்து வகுக்க வேண்டும். புத்தகத்தில் உள்ளதை விளங்கிக்கொள்வது முதற்பட்டத்தின் வேலை. புத்தகத்தில் உள்ளது எமது ஊருக்குப் பொருந்துமா என்று அளந்து பார்ப்பது முதுமாணிப் பட்டத்தின் வேலை. இதனையே இன்று உங்கள்முன் வைக்க வந்தோம்.

தாதித் தொழிலில் கணக்கு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் வியக்கலாம். அத்தொழிலின் தாய் என்று போற்றப்படும் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரின் கையில் விளக்கு இருந்ததை எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும். அதே கையில் பேரேடும் இருந்ததைச் சில புத்தகங்களே சொல்லும். 1854 இல் கிரிமிய யுத்தத்தில் காயப்பட்ட போர்வீரரைப் பராமரிக்கச் சென்ற அம்மையார், இறந்தவர் எத்தனை பேர், எதனால் இறந்தனர் என்பதை ஓயாது ஆராய்ந்தார். காயத்தால் இறந்தவரினும் தடுக்கக்கூடிய தொற்றுநோயால் இறந்தவரே மிகப் பலர் என்பதை நிறந்தீட்டிய வரைபடங்களாற் காட்டி மந்திரிமாரை அசைத்தார். 1860 இல் இலண்டன் புனித தோமையர் வைத்தியசாலையில் அவர் பெயரால் தாதியர் பாடசாலை தொடங்கிற்று. அமெரிக்காவில் நியூயோர்க் கொலம்பியாவைச் சார்ந்த ஆசிரியர் கல்லூரியில் 1899 இல் தாதியருக்கு மேற்படிப்பு வகுப்பு உண்டாயிற்று. 1907 இல் அங்கே அடிலெயிட் நட்டிங் என்ற அம்மையார் உலகின் முதலாவது தாதியியற் பேராசிரியரானார். பாரதத்திலே 1946 இல் டில்லியிலும் வேலூரிலும் தாதியியற் பட்டப்படிப்பு ஆரம்பமாயிற்று. டில்லியிலிருந்த அக்கல்லூரி, பிற்காலத்தில் பாரதத்தின் முதல் சுகாதார மந்திரியாகிய ராஜ்குமாரி அம்ரித் கௌர் பெயரைத் தாங்கியது. அங்கே 1959 இல் முதுமாணிப் படிப்பும் தொடங்கியது.

வேலூர் என்றதும் ஒன்று சொல்லாமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை. வேலூர் வைத்தியசாலையை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையாரின் பாட்டனார் டொக்டர் ஜோன் ஸ்கடர். அவர் 1820 இல் வந்திறங்கி வைத்தியம் செய்த ஊர் எமது பண்டத்தரிப்பு. அவருக்குப் பின் 1847 இல் வந்த டொக்டர் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு எம்மவர்க்கு மேலைத்தேச வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். 'பிரசவ வைத்தியம்' என்னும் நூல் 1857 இல் தமிழில் வெளிவந்தது. எண்ணிப் பாருங்கள்: நைற்றிங்கேல் அம்மையாரின் பாடசாலை தொடங்குவதற்கு மூன்றாண்டுக்கு முன்னரே பிரசவ வைத்தியம் எமது மொழியில் அச்சேறிவிட்டது! இன்றோ தாதியியலில் மேற்படிப்பு வேண்டுமென்றால் ஆங்கிலத்திலன்றிக் கதியில்லை. இந்த நிலைமை எப்படி வந்தது என்பதை இன்னொரு மேடையில் பேசவேண்டும். இப்பொழுது அதனுட் புகுந்தால் இரவாகிவிடும்.

இனி எமது நாட்டின் செய்திக்கு வருவோம். மிக நீண்ட காலம் இலங்கையில் தாதியர் கல்வி என்பது வைத்தியசாலையோடு ஒட்டிய மூன்றாண்டுப் பயிற்சியும் டிப்ளோமாவுமாகவே இருந்தது. 1994 இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், கனடாவின் அத்தபாஸ்காப் பல்கலைக்கழகத்தின் துணையோடு தாதியியல் விஞ்ஞானமாணிப் பட்டத்தைத் தொடங்கியது. வேலையை விடாமலே படிக்கலாம் என்ற வசதி தாதியருக்கு அதனாற் கிடைத்தது. அதன் பிராந்திய நிலையம் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறது. பின்னர், 2000 ஆம் ஆண்டுகளில், யாழ்ப்பாணம் உட்படப் பல பல்கலைக்கழகங்களில் உயர்தரம் சித்தியெய்திய பிள்ளைகள் நேராகச் சேர்ந்து நான்காண்டு படிக்கும் தாதியியற் பட்டம் உண்டாயிற்று. ஆகவே முதுமாணிப் பட்டத்துக்கு இரண்டு பாதைகள் இருக்கின்றன. டிப்ளோமாப் பெற்றுக் கடமையில் இருப்பவர் திறந்த பல்கலைக்கழகப் பட்டம் பெற்று மேலே செல்லலாம். பல்கலைக்கழகத்தில் நேராகப் பட்டம் பெற்றவர் அங்கிருந்து மேலே செல்லலாம். டிப்ளோமாவிலிருந்து ஒரே தாவாக முதுமாணிக்குத் தாவ முடியாது. அப்படித் தாவலாம் என்று விளம்பரம் செய்பவரைக் கண்டால் பணப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பாடநெறி வழி முதுமாணி என்பது யாது? விரிவுரை கேட்டு, ஒப்படைகள் எழுதி, வைத்தியசாலையில் மேற்பயிற்சி பெற்று, பரீட்சைகளில் தேறிப் பெறுவது பாடநெறி வழி. ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு மேற்பார்வையாளரின் கீழ் ஆராய்ந்து ஆய்வேடு எழுதிப் பெறுவது ஆராய்ச்சி வழி. 2012 இல் வெளியாகி 2015 இல் திருத்தப்பட்ட இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் இவை தனித்தனி நிலைகளாக வகுக்கப்பட்டுள்ளன. முழுவதும் பாடநெறியாக உள்ள முதுமாணி 9 ஆம் நிலை. அதற்கு 30 கிரெடிற். பாடநெறியோடு ஆய்வும் சேர்ந்தது 10 ஆம் நிலை. அதற்கு 60 கிரெடிற், அதிலே குறைந்தது 15 ஆய்வுக்கு. கிரெடிற் என்பது கற்றலின் அளவு. ஒரு கிரெடிற்றுக்கு விரிவுரை, வாசிப்பு, எழுத்து எல்லாம் சேர்த்து 50 மணி நேரம் என்று கணக்கு.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நீட்டிப் பார்ப்போம். 30 கிரெடிற் என்றால் 1500 மணி நேரம். கடமை முடிந்து வந்து நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் படிப்பவருக்கு 750 நாட்கள் வேண்டும். இரண்டு வருடமும் சில நாட்களும். இரவுக் கடமை, கோயில் திருவிழா, கலியாணவீடு, செத்தவீடு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்பவற்றைக் கழித்தால் மூன்று வருடம் என்று கொள்வதே புத்தி. 60 கிரெடிற் என்றால் அதன் இருமடங்கு. வேலையை விட்டு முழுநேரமாகப் படித்தால் 9 ஆம் நிலைக்கு ஒரு வருடம் போதும். ஆனால் ஒரு வருடச் சம்பளத்தை விடக்கூடிய குடும்பங்கள் எம்மிடையே எத்தனை? ஆகையால் தீவகத்துத் தாதி ஒருவர் எம்மிடம் வந்து ஆலோசனை கேட்டால், பகுதிநேரமாகப் பாடநெறி வழியையே முதலிற் சொல்வோம். பின்னர்க் கலாநிதிப் பட்டம் வரை சென்று பல்கலைக்கழகத்திற் படிப்பிக்க விரும்புபவர் மட்டும் தொடக்கத்திலேயே ஆய்வுள்ள 10 ஆம் நிலையைத் தேடவேண்டும். 9 ஆம் நிலையைப் பெற்றுவிட்டுப் பின்னர் வருந்துவதிற் பயனில்லை.

அங்கே என்ன படிப்பார்கள்? உடலின் இயக்கம் நோயில் எவ்வாறு மாறுகிறது என்பதை ஆழமாகப் படிப்பார்கள். நோயாளியை முழுமையாகப் பரிசோதிக்கப் பழகுவார்கள். ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையை வாசித்து அதில் எது நம்பத்தக்கது, எது வெறும் ஆரவாரம் என்று பிரித்தறியப் பழகுவார்கள். புள்ளிவிபரவியல், தொழிலறம், நிர்வாகம், கற்பித்தல் முறை என்பனவும் உண்டு. இவற்றோடு ஒரு சிறப்புத்துறை. பாரதத்தில் வழங்கும் முறையைச் சொல்வோமாயின், தாதியியற் பட்டத்தில் நூற்றுக்கு 55 புள்ளியும் ஓராண்டு அனுபவமும் உள்ளவரை இரண்டாண்டு முதுமாணிப் படிப்புக்குச் சேர்க்கிறார்கள், ஆய்வேடும் எழுதவேண்டும். வைத்திய சத்திரசிகிச்சைத் தாதியியல், மகப்பேறு, குழந்தை நலம், உளநலம், சமுதாய சுகாதாரம் ஆகிய ஐந்தில் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம்.

இவ்வைந்தில் எதைத் தெரிவது? பட்டணத்தில் மவுசு முதலாவதுக்கு. எமது தீவுகளுக்கோ சமுதாய சுகாதாரமும் மகப்பேறும் உளநலமும் வேண்டும். காரணம் உங்களுக்கே தெரியும். 1990களின் தொடக்கத்தில் தீவகத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். திரும்பி வந்தவர் சிலர், வெளிநாடு போனவர் பலர். இன்று எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் பிரான்சிலும் இருக்கிறார்கள். தாயும் தகப்பனும் இங்கே தனித்திருக்கிறார்கள். பணம் வருகிறது. சலரோகத்துக்குக் குளிசையும் வாங்குகிறார்கள். காலில் வந்த சிறு புண்ணை யார் பார்ப்பது? அது நோவதில்லை, ஏனெனில் சலரோகத்தால் காலின் உணர்ச்சி குறைந்துவிட்டது. பார்வையும் மங்கியிருப்பதால் கண்ணுக்கும் தெரிவதில்லை. தெரியும்போது விரல் கறுத்துவிட்டது. அப்பால் படகு, போதனா வைத்தியசாலை, கால் கழற்றல். மாதம் ஒருமுறை வீடுவீடாகச் சென்று காலைப் பார்க்க ஒரு முறையை வகுத்து, இரண்டு மூன்று இளந்தாதியரைப் பழக்கி, பதிவு வைத்து, ஓராண்டில் எத்தனை கால் காப்பாற்றப்பட்டது என்று காட்டக்கூடிய ஒருவர் ஊரில் இருந்தால் அவரை நாம் எவ்வளவு மதிக்க வேண்டும்! சமுதாய சுகாதாரத்தில் முதுமாணி பெற்ற தாதிக்கு இது கைவந்த வேலை.

அதேபோன்று கர்ப்பிணிகள். பிரசவத்துக்கு நாள் நெருங்குமுன்னரே கடலைக் கடந்து பட்டணத்தில் உறவினர் வீட்டில் தங்குவது தீவார் வழக்கம். உறவினர் இல்லாதவர் என்ன செய்வது? இரத்த அமுக்கம் உயரும் கர்ப்பிணியை எந்த வாரத்தில் அனுப்புவது? மருத்துவமாதுக்களின் அனுபவத்தில் இதற்கெல்லாம் விடை இருக்கிறது. ஆனால் அது அவர்கள் மனத்திலேயே இருந்து அவர்களோடு ஓய்வுபெற்றுப் போய்விடுகிறது. கடலால் மாற்றி அனுப்பப்பட்ட ஒவ்வொரு நோயாளிக்கும் நாள், நேரம், காரணம், காற்று, எத்தனை மணியில் கட்டிலில் சேர்க்கப்பட்டார், என்ன முடிவு என்று ஆறு நிரல் கொண்ட ஓர் ஏட்டை இரண்டு வருடம் ஒழுங்காக எழுதி ஆராய்ந்தால், அதுவே முதுமாணிப் படிப்புக்கு ஒரு நல்ல செயற்றிட்டம். படகு கேட்டு அதிகாரிகளிடம் போகும் ஊராருக்கு, ஆயிரம் பேர் கையொப்பமிட்ட மனுவைவிட அந்த ஏடு பலம் கொடுக்கும்.

படித்த தாதியரால் உயிர் காக்கப்படுகிறது என்பதற்குச் சான்று உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. லிண்டா எய்க்கன் என்னும் அம்மையாரின் தலைமையில் ஐரோப்பாவின் 9 நாடுகளில் 300 வைத்தியசாலைகளைச் சேர்ந்த 4,22,730 சத்திரசிகிச்சை நோயாளரின் பதிவுகளை ஆராய்ந்து, 2014 இல் லான்செற் என்னும் வைத்திய சஞ்சிகையில் வெளியிட்டார்கள். ஒரு தாதி பார்க்கவேண்டிய நோயாளர் தொகை ஒன்று கூடினால், 30 நாட்களுள் மரணம் நேரும் வாய்ப்பு நூற்றுக்கு 7 வீதம் கூடுகிறது. பட்டம் பெற்ற தாதியரின் வீதம் பத்து கூடினால் அவ்வாய்ப்பு 7 வீதம் குறைகிறது. இது முதற்பட்டத்தைப் பற்றிய கணக்கு. முதுமாணிப் பட்டத்தைப் பற்றியதன்று. இதையே காட்டி முதுமாணி இல்லாவிட்டால் நோயாளி பிழைக்கமாட்டான் என்று நாம் வாதிக்கமாட்டோம். படிப்பு கட்டிலருகே வேலை செய்கிறது என்பதற்குமட்டும் இது சாட்சி.

அமெரிக்காவில் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். கொலராடோ மாநிலத்தில் டொக்டர் இல்லாத நாட்டுப்புறங்களில் வாழ்ந்த குழந்தைகளுக்காக, லொறெற்றா போர்ட் என்னும் தாதியும் ஹென்றி சில்வர் என்னும் வைத்தியரும் சேர்ந்து 1965 இல் ஒரு பயிற்சியை உண்டாக்கினார்கள். அங்கே பயின்ற தாதி தானே பரிசோதித்து, சாதாரண நோய்களுக்குத் தானே சிகிச்சை செய்வார். இன்று அது முதுமாணிப் படிப்பாக வளர்ந்துவிட்டது. எமது நாட்டில் தாதிக்கு அவ்வுரிமை இல்லை. வேண்டுமா என்பது வைத்தியரும் தாதியரும் அரசாங்கமும் கூடிப் பேசவேண்டிய காரியம். ஆனால் கொலராடோ மலைப்புறத்துக்கும் நெடுந்தீவுக்கும் தூரத்தில் ஒற்றுமை இருப்பதை மறுப்பாரில்லை.

இனிப் பெரியோர்களின் ஆட்சேபங்களுக்கு வருவோம். முதலாவது: படித்தவள் கட்டிலருகே நிற்கமாட்டாள், கதிரையைத் தேடிப் போய்விடுவாள் என்பது. இதில் உண்மை இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். முதுமாணி பெற்றவர் ஆசிரியராகவோ நிர்வாகியாகவோ போவது உலகெங்கும் காணப்படுவதுதான். ஆனால் ஊர்காவற்றுறையில் கடமை செய்யும் இளந்தாதிக்கு நன்றாகப் படிப்பிக்கும் ஆசிரியர் யாழ்ப்பாணத்தில் ஒருவர் இருந்தால், அதுவும் எம் நோயாளிக்குத்தான். இரண்டாவது: படித்தவர் கப்பலேறிவிடுவார் என்பது. இது கசப்பான உண்மை. இங்கிலாந்தும் அவுஸ்திரேலியாவும் கனடாவும் தாதியரைக் கைநீட்டி அழைக்கின்றன. போகிறவரை வைய நாம் விரும்பவில்லை. அவர் அனுப்பும் பணத்தில்தான் இங்கே பல வீடுகளின் கூரை நிற்கிறது. ஆனால் இதையும் கவனியுங்கள். வேலையை விடாமல் ஊரிலிருந்தே படிப்பதற்கு வழி இல்லாதபோது, படிப்பதற்காகவே போகிறார்கள். போனவர் அங்கே நின்றுவிடுகிறார்கள். ஊரிலிருந்தே படிக்க வழி செய்தால் சிலராவது நிற்பார்கள். மூன்றாவது ஆட்சேபத்தை மேடையிற் சொல்பவர் இல்லை, அடுப்படியிலே சொல்வார்கள். "பிள்ளை, உனக்கு இருபத்தெட்டு வயதாகுது. இன்னும் என்ன படிப்பு? படிச்சுக்கொண்டே போனால் மாப்பிள்ளையும் அதுக்கு மேலே படிச்சவனாயெல்லோ தேடவேணும்?" என்று பெரியம்மா கேட்பார். பெரியம்மாவின் கவலை அன்பினால் வந்தது. ஆயினும் சீதனத்துக்கென்று ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கைப் படிப்புக்குக் கொடுத்தால் அது கரைந்துபோகாத சீதனம் என்பதைப் பெரியம்மாவுக்கு எடுத்துச் சொல்லவேண்டியவர்கள் தமையன்மாரே.

தமையன்மாரே என்று கூப்பிட்டதால் வாலிபர்களுக்கும் ஒரு சொல். தாதித் தொழில் பெண்களுக்குரியது என்று நீங்கள் எண்ணியிருந்தால், எந்தப் பெரிய வைத்தியசாலையின் விடுதியிலாவது ஒரு நாள் போய்ப் பாருங்கள். ஆண் தாதிய உத்தியோகத்தர்கள் பலர் அங்கே கடமையில் இருக்கிறார்கள். அலையில் ஆடும் படகில் நோயாளியோடு கூடச் செல்வதற்குக் கடலில் வளர்ந்த பிள்ளையைவிடப் பொருத்தமானவன் யார்?

வேலைக்குப் போனபின் மீண்டும் மாணவனாய் உட்காருவது வெட்கம் என்று எண்ணுவோரும் உண்டு. 1913 இல் எமது ஊர்காவற்றுறைப் பகுதியிற் பிறந்த தனிநாயகம் அடிகளாரை நினைத்துக்கொள்ளுங்கள். றோமாபுரியிலே படித்துக் குருவாகி, வடக்கன்குளத்திலே ஆசிரியராயும் இருந்தபின், 1945 இல் முப்பத்திரண்டு வயதிலே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவராக அமர்ந்தார் அவர். முதுகலைப் பட்டம் அங்கேதான் பெற்றார். 1966 இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடுவதற்கு மூலகாரணராக விளங்கிய அப்பேரறிஞருக்கு, மறுபடியும் வாங்கில் உட்காருவது வெட்கமாகத் தோன்றவில்லை.

இணையவழியாகப் படிக்கும் முதுமாணிகளும் இப்பொழுது உண்டு. முன்னர்ச் சொன்ன அத்தபாஸ்காப் பல்கலைக்கழகமே தாதியியல் முதுமாணியைப் பாடநெறி வழியாக இணையத்தில் நடத்துகிறது. செலவு கனடாக் கணக்கில் வரும் என்பதை மறக்கவேண்டாம். எந்த நாட்டுப் பட்டமாயினும் பணம் கட்டுமுன்னர் மூன்று கேள்விகளைக் கேட்டு எழுத்தில் விடை வாங்குங்கள். அப்பல்கலைக்கழகத்தை எமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா? சுகாதார அமைச்சில் அப்பட்டம் சேவைக்கோப்பிற் பதியப்படுமா? பாடநெறியில் எத்தனை கிரெடிற், அதில் ஆய்வு எத்தனை? பட்டம் கிடைத்த மறுநாளே சம்பளமும் பதவியும் உயரும் என்று எண்ணிச் சேரவேண்டாம், உயர்ந்தால் நல்லது.

கடைசியாக, சங்கம் செய்யக்கூடிய காரியங்கள். முதுமாணி என்பது மேல்மாடி. அத்திவாரம் பத்தாம் வகுப்பு விஞ்ஞானமும் ஆங்கிலமும். உயர்தரத்தில் விஞ்ஞானம் படியாத பிள்ளை தாதியர் கல்லூரிக்கே போகமுடியாது. அதற்குத் தீவுப் பிள்ளைகள் பெரும்பாலும் பட்டணத்தில் தங்கிப் படிக்கவேண்டியிருக்கிறது. ஆதலால் எமது வேண்டுகோள் சிறியது. சங்க மண்டபத்தில் சனிக்கிழமை மாலைகளில் விஞ்ஞானமும் ஆங்கிலமும் படிப்பிக்க வகுப்பு நடத்துங்கள். ஓய்வுபெற்ற உபாத்தியாயர்கள் இச்சபையிலேயே நால்வர் இருக்கிறார்கள். அவர்களை நாம் பெயர் சொல்லிக் கூப்பிடுமுன் தாமே எழும்பினால் நன்று. நூல்நிலையத்தில் தாதியியல் நூல்கள் நான்கைந்து வாங்கி வையுங்கள். கடமை முடிந்து வரும் தாதியர் இருந்து படிக்க ஒரு மேசை, ஒரு கணினி, நல்ல வெளிச்சம் இருக்கட்டும். வெளிநாட்டிலுள்ள எம்மூர்ச் சங்கங்கள் கோயிலுக்கும் பாடசாலைக்கும் தாராளமாகக் கொடுக்கின்றன. ஒரு தாதியின் முதுமாணிப் படிப்புக்கு வட்டியில்லாக் கடனாக ஒரு தொகை கேட்டுப் பாருங்கள். பட்டம் பெற்றபின் தீவகத்தில் ஐந்து வருடம் கடமை செய்தால் பாதியைத் தள்ளிவிடலாம் என்று விதி எழுதலாம். இத்திட்டத்தை அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலிற் சேர்க்குமாறு காரியதரிசியாரைக் கேட்டுக்கொண்டு, எமது உரையை இவ்வளவில் நிறுத்துகிறோம்.